இமெயிலில் வந்ததைத் திருத்தினோமே, அது எங்கே போச்சு?

இமெயிலில் வந்த ஃபைலைத் திறந்து, திருத்தி, சேவ் செய்து மூடிவிட்டோம். மறுபடி திறந்தால் பழையபடியே இருக்கிறது. திருத்தியது எங்கே போனது? இது எங்கள் அம்மாவுக்கே நடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 12 பேர். கடன் மனுவோடு வைக்க வேண்டிய உறுப்பினர் பட்டியலை, குழுவைக் கவனிக்கும் மேடம் திண்டுக்கல்லில் உள்ள ஒரு டைப்பிங் கடைக்கு இமெயிலில் அனுப்பியிருந்தார். அதில் 5 பேருக்குப் பேங்க் கணக்கு எண்ணோ இனிஷியலோ தப்பு. சாயங்காலம் அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொருவரும் பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, டைப்பிங் அக்கா திருத்தினார். முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசியில் சேவ் கொடுத்துவிட்டு, வந்த மெயிலிலேயே ஃபார்வர்டு பட்டனை அழுத்தி மேடத்துக்கு அனுப்பினார். அனுப்பி முடித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போச்சு. கம்ப்யூட்டரும் அணைந்தது. நாங்களும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை மேடத்திடமிருந்து போன். "எதையுமே மாத்தலையேம்மா, பழைய லிஸ்ட்தானே வந்திருக்கு? மதியத்துக்குள்ள குடுக்கணுமே" என்றார். அம்மாவுக்கு முகமே வாடிப்போச்சு. பாஸ்புக் வைத்திருந்தவர்களில் மூன்று பேர் விடியும் முன்பே பூப்பறிக்கப் போய்விட்டார்கள். ஒருவர் மில்லுக்குப் போய்விட்டார். யாரிடம் போய் எண் கேட்பது? தப்பான எண்ணோடு மனு போனால் என்ன ஆகும்? பள்ளி விடுமுறை நாள் என்பதால் நானும் அம்மாவோடு மறுபடி கடைக்கு ஓடினேன்.

ஏன் இப்படி ஆகிறது?

ஜெராக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாளில் பேனாவால் திருத்தினால், பெட்டிக்குள் இருக்கும் அசல் மாறுமா? மாறாது. இமெயிலோடு வரும் ஃபைலும் அப்படித்தான்.

இமெயில் 1971-ல் வந்தது. அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர்தான் பெயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே @ குறியைப் போட்டு அனுப்பினார். முதலில் அதில் வெறும் எழுத்துகள்தான் போகும். 1992-ல் நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் 'மைம்' என்ற விதிமுறையை எழுதிய பிறகுதான் படம், பாட்டு, ஃபைல் எல்லாவற்றையும் ஒரே முறையில் இணைத்து அனுப்ப முடிந்தது. போரன்ஸ்டைன் அந்த வருடம் மார்ச் 11-ல் அனுப்பிய இமெயிலில், தன் பாட்டுக் குழுவின் படத்தையும் அவர்கள் பாடிய பாட்டையும் இணைத்திருந்தார்.

இந்த முறையில் ஃபைல் தனியாகப் போவதில்லை. அது எழுத்துகளாக மாற்றப்பட்டு, கடிதத்துக்குள்ளேயே சேர்த்துத் தைக்கப்படுகிறது. 3 பைட் தகவலுக்கு 4 எழுத்து ஆகிறது. அதனால் 3 எம்பி படம் இமெயிலில் போகும்போது ஏறக்குறைய 4 எம்பி ஆகிவிடும். நாம் அந்த ஃபைலைத் திறக்கும்போது, கம்ப்யூட்டர் அந்த எழுத்துகளை மறுபடி ஃபைலாக மாற்றி, ஒரு தற்காலிக இடத்தில் ஒரு பிரதியை வைத்து நமக்குக் காட்டுகிறது. நாம் திருத்தியது அந்தப் பிரதியை. சேவ் ஆனதும் அதில்தான். கடிதத்தில் தைத்த அசல் அப்படியே இருக்கும். ஃபார்வர்டு கொடுத்தால் போவது அந்த அசல்தான். டைப்பிங் அக்கா மேல் தப்பில்லை. சேவ் ஆச்சு, ஆனால் எங்கே ஆச்சு என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடித்தோம்?

அந்தக் கடையில் இமெயில் பார்ப்பது அவுட்லுக் என்ற சாஃப்ட்வேரில். பழைய பதிப்பு. அக்கா மெயிலில் இருந்த ஃபைலை மறுபடி திறந்தார். மேலே பெயருக்குப் பக்கத்தில் (2) என்று வந்தது. உடனே அக்கா, "அதே பேர்ல ஒண்ணு ஏற்கெனவே இருந்தாத்தான் ரெண்டுன்னு போடும். அப்போ முதல் ஃபைல் உள்ளே இருக்கு!" என்று சிரித்தார்.

பிறகு 'சேவ் ஆஸ்' கொடுத்தார். எங்கே சேவ் செய்வது என்று கேட்கும் ஜன்னலில், அந்தத் தற்காலிக ஃபோல்டரே திறந்தது. அதன் பெயர் 'கன்டென்ட் அவுட்லுக்'. சாதாரணமாகத் தேடினால் கண்ணில் படாத மறைவான ஃபோல்டர். அதற்குள் நேற்றைய ஃபைல் இருந்தது! திறந்தால் 5 திருத்தமும் அப்படியே இருந்தன. அம்மா கைகூப்பிக் கும்பிட்டார். பட்டியல் மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அவுட்லுக்கை ஒழுங்காக மூடியிருந்தால், அதுவே அந்தத் தற்காலிகப் பிரதியை அழித்திருக்குமாம். கரண்ட் திடீரென்று போனதால் அழிக்க நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் போனதற்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்!

உங்களுக்கு நடந்தால் எங்கே தேடுவது?

1. முதலில் பதறாதீர்கள். 'தேவையில்லாத ஃபைல்களை நீக்கு' என்ற வேலையை அன்றைக்குச் செய்யவே கூடாது. பொதுக் கம்ப்யூட்டர் என்றால் மூடுவதற்கு முன்பே தேடுங்கள். சில கடைகளில் அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகும்படி வைத்திருப்பார்கள்.

2. வேர்டைத் திறந்து 'ரீசன்ட்' பட்டியலைப் பாருங்கள். கடைசியாகத் திறந்த ஃபைல்கள் அதில் இருக்கும். அதிலிருந்தே திறந்து, உடனே 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

3. ஜிமெயிலை குரோம் போன்ற பிரவுசரில் பார்த்தால், பிரதி பெரும்பாலும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். தேதி வாரியாக வரிசைப்படுத்தினால் புதியது மேலே வரும். (1), (2) என்று பல பிரதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

4. அங்கே இல்லையா? விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, 'டெம்ப்' என்ற சொல்லை ஆங்கிலத்தில், இரண்டு பக்கமும் % குறி போட்டு டைப் செய்யுங்கள். தற்காலிக ஃபோல்டர் திறக்கும்.

5. சேவ் செய்யாமலேயே மூடிவிட்டால், வேர்டில் ஃபைல், இன்ஃபோ பக்கத்தில் சேவ் செய்யாதவற்றை மீட்கும் வசதி உண்டு. வேர்டு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஒரு பிரதி எடுக்கும். அப்படி எடுத்தது 4 நாள் வரைதான் இருக்கும். அதனால் அன்றே பாருங்கள்.

6. தமிழில் டைப் செய்தவர்கள் கவனிக்க: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடு தமிழில் தேடினால் கிடைக்காது. ஃபைல் பெயரையோ தேதியையோ வைத்துத் தேடுங்கள்.

இனி என்ன செய்வோம்?

முதலில் டெஸ்க்டாப்பில் சேவ். பிறகு திறந்து திருத்து. பெயரில் 'திருத்தியது' என்று சேர். அனுப்பும்போது ஃபார்வர்டு வேண்டாம், புதிதாக இணைத்து அனுப்பு. அனுப்பிய பிறகு 'சென்ட்' பகுதியில் போய் ஒருமுறை திறந்து பார். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? எங்களுக்குக் கரண்ட் போய் உதவியது. எல்லோருக்கும் அப்படிப் போகாது. உங்கள் வீட்டிலும் யாராவது டைப்பிங் கடைக்குப் போனால், "எங்கே சேவ் ஆச்சுன்னு பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி