சிரிப்பின் வழியே சீமையைக் காண்போம்

ஒரு நாட்டின் வரலாற்றை நூல்களில் கற்கலாம். அந்நாட்டு மக்கள் எதைக் கண்டு நகைக்கின்றனர், எதற்கு நாணுகின்றனர் என்பதை அறிய அவர்தம் நகைச்சுவையையே நாட வேண்டும்.

மலையகத்தாராகிய நமக்குச் சீமைப் பெயர்கள் புதியனவல்ல. பூண்டுலோயாவை அடுத்த டன்சினன் தோட்டத்தின் பெயர், ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு குன்றின் பெயர்; ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்திலும் வருவது. ஆயினும், அப்பெயரைச் சூட்டியவர்களின் இல்வாழ்க்கை பங்களா மதிலுக்கு அப்பாலேயே நின்றது. துரைமார் சிரித்த ஒலி நம்மவர் காதில் விழுந்திருக்கலாம். எதற்குச் சிரித்தனர் என்பது எட்டியதில்லை.

அம்மதிலைத் தாண்டியது தொலைக்காட்சி. சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலும், ரூபவாஹினி 1982ஆம் ஆண்டிலும் தொடங்கின. ரூபவாஹினியின் முக்கிய ஒளிபரப்பு நிலையம் ஒன்று நமது நுவரெலியா மாவட்டத்திலேயே, 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியில் எழுந்தது. மின்சாரம் எட்டாத இடங்களில் மோட்டார் வண்டி பற்றரியைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை இயக்கினர்.

இரவுப் பள்ளியில் ஒரு வேடிக்கை

இலங்கையர் விரும்பிக் கண்ட ஆங்கிலத் தொடர்களுள் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' ஒன்று. 'நாவைக் காத்துப் பேசு' என்பது அதன் பொருள். 1977இல் பிரித்தானியாவில் தொடங்கிய இத்தொடரில், பிரௌண் என்னும் ஆசிரியர் பல நாட்டவர்க்கு இரவு வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறார். இத்தாலியர், ஜப்பானியர், பாகிஸ்தானியர் எனப் பலரும் ஒரே வகுப்பில். அவர் சொல்வது ஒன்று, அவர்கள் விளங்கிக்கொள்வது வேறொன்று. அங்கே பிறக்கிறது சிரிப்பு.

ரஞ்சித் சிங் என்ற சீக்கியராக வந்து, 'ஆயிரம் மன்னிப்பு' என்று கைகூப்பியவர் அல்பர்ட் மோசஸ். 1937இல் நமது கம்பளையில் பிறந்து, சீமையிற் புகழ் பெற்று, 2017இல் மறைந்த நடிகர் அவர்.

இத்தொடரில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய மற்றொன்று தேநீர். இடைவேளையில் மாணவரும் ஆசிரியரும் கூடுமிடம் கிளாடிஸ் என்ற மூதாட்டி தேநீர் வழங்கும் கூடம். கோபமும் சமாதானமும் கோப்பைக்கு முன்னேதான். நம் அன்னையர் மழையில் நனைந்து பறித்த கொழுந்து கடல் கடந்து எவ்விடம் செல்கிறது என்பதை, லயத்துப் பிளேன்டீயைப் பருகியபடியே நாம் கண்டோம்!

ஆள்வோரை நகையாடும் துணிவும் அவர்களிடம் உண்டு. 1980இல் தொடங்கிய 'யெஸ் மினிஸ்டர்' தொடரில், அமைச்சரைத் தம் சொல்வன்மையால் மயக்குவார் செயலாளர். அன்றைய பிரதமர் மார்கரட் தாட்சரே அதன் இரசிகர்.

நகைப்பும் நோவும்

எனினும், திரையில் தோன்றுவதெல்லாம் மெய்யாகுமா? 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' 1979இல் நிறுத்தப்பட்டது. அயல் நாட்டாரை ஒரே அச்சில் வார்த்து இழிவுபடுத்துகிறது என்று, ஒளிபரப்பிய நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுள் ஒருவரான மைக்கேல் கிரேட் கருதியதே காரணம்.

இக்கருத்தை நாம் எளிதில் ஒதுக்கலாகாது. 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல்லை நம்மவர் எத்தனை முறை கேட்டிருக்கின்றனர்! நம் பேச்சைப் பிறர் பகடி செய்கையில் நெஞ்சு சுடுகிறதன்றோ? அங்ஙனமாயின், ரகரமும் லகரமும் தடுமாறும் சீனப் பெண்ணைக் கண்டு நாம் சிரிப்பது முறையாகுமா?

மொழி பயில்வோர் எவரும் தடுமாறுவர். அத்தடுமாற்றத்தில் நம்மையே கண்டு சிரிப்பது ஒருவகை. ஒருவரின் பிறப்பையும் தோற்றத்தையும் கண்டு சிரிப்பது மற்றொரு வகை. முன்னையது உறவாக்கும், பின்னையது புண்ணாக்கும். இவ்வேறுபாட்டைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் வேண்டும்.

மாணவர்க்கு இதில் ஒரு பாடமும் உண்டு. நம் நாட்டுச் சிங்கள மக்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று வேடிக்கையாகச் சொல்வர். அவ்வாளுக்கு அஞ்சி, விடை தெரிந்தும் வாய் திறவாத பிள்ளைகள் தோட்டப் பாடசாலைகளில் அநேகர். பிரௌணின் மாணவரோ தவறினாலும் எழுந்து பேசினர். திருத்தியபின் மறுபடியும் பேசினர்.

இன்று கைத்தொலைபேசியிலேயே உலக நாடுகளின் நகைச்சுவைகள் வந்து குவிகின்றன. தனித்தனியே பார்த்து மறப்பதைவிட, வாரம் ஒன்றையேனும் குடும்பத்தோடு பாருங்கள். யார் சிரிக்கிறார், யாரைக் குறித்துச் சிரிக்கிறார், அவர் இடத்தில் நாமிருந்தால் சிரிப்போமா என்று பிள்ளைகளிடம் வினவுங்கள். அவர்கள் கூறும் விடையில் அயலாரின் பண்பாட்டோடு நம் பண்பாடும் விளங்கும்.