பட்டதைத் தின்னும் கறையான் பயிரைத் தொடுவது ஏன்?

மானாவாரி நிலக்கடலை காய் பிடிக்கும் தருணத்தில் மழை பதினைந்து நாள் தள்ளிப் போனால், வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடிகள் வாடி நிற்பதைக் காணலாம். அவற்றைப் பிடித்து இழுத்தால் சிரமமின்றிக் கையோடு வந்துவிடும். ஆணிவேர் குடையப்பட்டு, உள்ளே மண் அடைத்திருக்கும். இது கறையானின் வேலை. கரும்பில் கரணையின் வெட்டுவாய் வழியே உள்ளே புகுந்து பருவைக் கெடுக்கும். புதிதாக நட்ட தென்னங்கன்றையும் விட்டுவைக்காது.

இதைக் கண்டதும் வரப்பு ஓரத்துப் புற்றை இடித்து, மருந்தை ஊற்றுவது பலரது வழக்கம். ஆனால் அடுத்த பருவத்திலும் அதே தொல்லைதான். கறையானின் வாழ்க்கை முறையை அறிந்துகொண்டால், இது ஏன் என்பது விளங்கும்.

எறும்பு இனம் அல்ல

கறையானை வெள்ளெறும்பு என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. கறையான் கரப்பான் பூச்சியின் வம்சம். மரபணுக்களை ஒப்பிட்டு 2007-ல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. மரம் தின்னும் ஒருவகைக் கரப்பான் வட அமெரிக்கக் காடுகளில் இன்றும் குடும்பமாக வாழ்கிறது. மரத்தைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதன் குடலில் உள்ளன. குஞ்சுகள் அவற்றைப் பெற்றோரிடமிருந்துதான் பெற வேண்டும். ஆகவே சேர்ந்து வாழ்வது கட்டாயமாகிறது. கறையானின் கூட்டு வாழ்க்கையும் இப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கருத்து. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கறையான் கல்லெச்சங்கள் கிடைத்துள்ளன.

எறும்புக் கூட்டில் வேலை செய்பவை எல்லாம் பெண்கள். கறையானில் ஆண், பெண் இரண்டும் வேலைக்காரர்கள்தாம். ராஜாவும் ராணியோடு கடைசிவரை அறையிலேயே இருக்கிறது. சிப்பாய்களின் தாடை சண்டைக்கே ஏற்றது. ஆகவே அவற்றுக்கு வேலைக்காரர்கள்தாம் இரை ஊட்ட வேண்டும்.

காளான் பயிரிடும் குடியானவன்

உலகில் சுமார் 3,000 வகைக் கறையான்கள் உள்ளன. இவற்றில் பயிருக்கும் வீட்டுக்கும் கேடு செய்பவை சிறு பகுதியே. நம் நிலங்களில் முக்கியமானவை இரண்டு இனங்கள். ஓடோன்டோடெர்மிஸ் என்ற இனத்தில் சில வகைகள் மண்ணுக்கு மேல் புற்று எழுப்புகின்றன. மைக்ரோடெர்மிஸ் என்ற சிறிய இனமோ புற்று எழுப்புவதில்லை. நிலத்தடியில் சிறுசிறு அறைகளாகப் பரவி வாழும். நிலக்கடலை வேரைக் குடைவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. புற்றை இடித்தும் கடலை வயலில் தொல்லை ஓயாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு இனங்களும் காளான் பயிரிடுபவை. காய்ந்த சருகு, குச்சி, தட்டை ஆகியவற்றைத் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கடற்பஞ்சு போல அடுக்கி வைக்கின்றன. புற்றைத் தோண்டினால் கிடைக்கும் புற்றாஞ்சோறு இதுவே. அதன்மேல் ஒருவகைப் பூசணம் வளர்ந்து, கடினமான நாரைச் சத்துள்ள உணவாக மாற்றித் தருகிறது. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளான் இந்தப் பூசணத்தின் பூவே ஆகும். மனிதன் பயிர்த்தொழில் தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கறையானோ சுமார் 3 கோடி ஆண்டுகளாகக் காளான் விவசாயம் செய்து வருகிறது.

முதல் நல்ல மழை விழுந்ததும் ஈசல் புறப்படுகிறது. ஈசலுக்கு ஆயுள் ஒரு நாள் என்பார்கள். பறவைக்கும் பல்லிக்கும் இரையாகும் பெரும்பாலானவற்றுக்கு அது உண்மையே. ஆனால் தப்பும் ஜோடி இறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுக் குடும்பம் தொடங்குகிறது. அதுவே பல ஆண்டுகள் வாழும் ராஜாவும் ராணியும் ஆகும். ராணியின் அறை புற்றின் அடிப்பகுதியில் கெட்டியான மண்ணுக்குள் இருக்கிறது. மேலே தெரியும் கோபுரம் காற்றோட்டத்துக்கானது. ஆகவே கோபுரத்தை மட்டும் இடித்தால் வேலைக்காரர்கள் அதைத் திரும்பக் கட்டிவிடும்.

பச்சைப் பயிரைத் தொடுவது எப்போது?

இந்தக் கறையான்கள் விரும்புவது பட்டுப்போன பொருளையே. மழையின்றிப் பயிர் தளரும்போதும், வேரிலோ தண்டிலோ காயம் பட்டபோதும் பச்சைப் பயிர்மீது தாவுகின்றன. மக்காத எருவை இட்டால், அதை நாடி வரும் கறையான் பக்கத்து வேரையும் பதம் பார்க்கும்.

இதே குணத்தை நன்மைக்குத் திருப்பியவர்கள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாஸோ நாட்டில், நம்மைப் போலவே கம்பும் சோளமும் மானாவாரியில் விளைகின்றன. அங்கே வறட்சியால் நிலம் ஓடாக இறுகிக் கிடந்தது. விவசாயிகள் கோடையிலேயே சிறுகுழிகள் வெட்டிச் சாணத்தையும் சருகையும் இட்டார்கள். அதை நாடி வந்த கறையான் இறுகிய மண்ணைத் துளைத்தது. மழை வந்ததும் அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளே இறங்கியது. விதைக்கும் நேரத்துக்குள் எருவும் சிதைந்திருந்தது. பழைய இந்த முறையைத் திருத்திப் பரப்பிய யாகூபா சவடோகோ என்ற விவசாயிக்கு 2018-ல் சர்வதேச விருது கிடைத்தது. அவர் 2023-ல் காலமானார். ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், எறும்பையும் கறையானையும் மருந்திட்டு அகற்றிய பாத்திகளைவிட, விட்டுவைத்த பாத்திகளில் 36 சதவிகிதம் கூடுதல் மகசூல் கண்டது.

செய்ய வேண்டியவை

* நன்கு மக்கிய தொழு உரத்தையே இட வேண்டும். பச்சைச் சாணம், மக்காத தட்டை கூடாது.

* தொல்லை மிகுந்த வயலில் முந்திய பயிரின் கட்டைகளைப் பொறுக்கி உரக்குழியில் சேர்க்க வேண்டும்.

* கரும்புக் கரணை நட்டபின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் வசதி உள்ளவர்கள் கடலைக்கும் காய் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் கட்டுவது நலம்.

* கன்றுகளுக்கு மூடாக்கு இடும்போது தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இட வேண்டும்.

* நிலக்கடலை முற்றியதும் தாமதிக்காமல் பிடுங்க வேண்டும். கறையான் சுரண்டிய ஓட்டின் வழியே பூசணம் ஏறி, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அத்தகைய காய்களைத் தனியே பிரித்துவிட வேண்டும். விதைக்கோ, உணவுக்கோ, மாட்டுத் தீனிக்கோ அவை ஆகா.

* முன்பு கறையானுக்குத் தூவிய பி.எச்.சி. தூள் 1997-ல் தடை செய்யப்பட்டது. ஆல்டிரினுக்கும் தடை உண்டு. வீட்டில் பழைய சரக்கு கிடந்தாலும் எடுக்கக் கூடாது. மருந்து அவசியமானால், அந்தப் பயிருக்கு இப்போது அனுமதியுள்ளது எது, எவ்வளவு என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அறிய வேண்டும்.

பயிர் இல்லாத மேட்டில் இருக்கும் புற்றை அப்படியே விட்டுவிடலாம். அங்கே கறையான் சருகை மண்ணாக்கி, மழை நீர் இறங்க வழி செய்கிறது. வயலில் அதை அடக்க நல்ல வழி, பயிரை வாடவிடாமலும் மக்காத எருவை இடாமலும் காப்பதே.