புரதத்தின் மடிப்பும் நொதியின் செயலும்

மதுரைப் பூச்சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பந்தாகச் சுருட்டிப் பாருங்கள். நீட்டிப் பிடிக்கையில் தொலைவில் இருந்த மொட்டுகள் சுருட்டியபின் அருகருகே வந்துவிடும். புரதமும் இத்தகைய சரமே. அமினோ அமிலங்களே அதன் மொட்டுகள். நொதியாக விளங்கும் புரதம், உரிய வடிவில் மடிந்த பின்னரே தொழிற்படும்.

கல்லீரல் உருவாக்கிக் குருதியில் விடும் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் அத்தகைய நொதிகளுள் ஒன்று. அதன் சரத்தில் 574 அமினோ அமிலங்கள் உள்ளன. 198ஆம் இடத்துச் செரின், 325ஆம் இடத்துக் குளூட்டமேட், 438ஆம் இடத்து ஹிஸ்டிடின் ஆகிய மூன்றும் மடிப்பினால் ஓர் ஆழ்ந்த குழியின் அடியில் ஒன்றுகூடுகின்றன. வேதிவினை நிகழ்வது அங்கேதான்.

அறுவை அரங்கில், மூச்சுக்குழாயினுள் செயற்கைக் குழாய் செருகுமுன் சக்சினைல்கோலின் என்னும் தசைதளர்த்தும் மருந்தைச் செலுத்துவதுண்டு. மூச்சுத்தசைகளும் அப்போது இயக்கம் இழக்கும். இந்நொதி அம்மருந்தைச் சிதைப்பதால் சில நிமிடங்களில் மூச்சு மீள்கிறது. நொதி செயலற்றவருக்கோ மணிக்கணக்கில் மீளாது. அதுவரை கருவியே அவருக்காக மூச்சுவிட வேண்டும்.

நம் நாட்டு வைசிய சமூகத்தினரிடையே இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. அதன் காரணத்தைக் கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயல்நாட்டு அறிஞர்களுடன் இணைந்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். 307ஆம் இடத்தில் லியூசினுக்கு மாறாகப் புரோலின் அமைந்திருந்தது. மாற்றம் அந்த ஒன்றுதான்! வினைபுரியும் மூன்று அமிலங்களும் மாறாமல் அப்படியே இருந்தன.

பின் ஏன் இக்கேடு? புரோலினின் பக்கக்கிளை வளைந்து சரத்தின் நைட்ரஜனையே பற்றிக்கொள்வதால், அவ்விடத்தில் சரம் எளிதில் திரும்பாது. புரதச்சரம் எக்கோணங்களில் திரும்ப இயலும் என்பதை 1963இல் வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருமே. இடம் தவறி நுழைந்த புரோலின் மடிப்பைக் குலைக்கிறது, புரதம் நிலைப்பதில்லை. ஆகவே குருதியில் செயல்திறனுள்ள நொதி ஏறத்தாழ இல்லாமற்போகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவரிடமே இக்குறை முழுமையாக வெளிப்படும். தலைமுறைகளாக ஒரே வட்டத்தினுள் மணவுறவு கொள்ளும் எச்சமூகத்திலும் இத்தகைய நிலை நேரலாம். வியப்பு என்னவெனில், இக்குறையுடையோர் அன்றாட வாழ்வில் நலமாகவே இருக்கின்றனர்.

மதுரையைச் சூழ்ந்த வயல்வெளிகளுக்கும் இச்செய்தி தொடர்புடையது. கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் மேற்கூறிய செரினைப் பற்றிக்கொண்டு நொதியை முடக்குகின்றன. எனவே, மருந்து தெளிக்கையில் மயங்கிய உழவரின் குருதியில் மருத்துவர் இந்நொதியின் அளவைச் சோதிப்பர். பிறவியிலேயே நொதி குன்றியவருக்கு நஞ்சு தீண்டாதபோதும் அளவு தாழ்ந்தே காட்டும். ஆதலால் நோயாளியின் அறிகுறிகளையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்தில் எவருக்கேனும் அறுவைக்குப்பின் மூச்சு மீளத் தாமதமாகியிருந்தால், அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். இந்நொதியை நாடாத ரோக்குரோனியம் போன்ற வேறு மருந்தை அவர் தேர்ந்துகொள்வார்.