ஒன்பது நாள் இடைவெளியில்

2022ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதின. பெண்களுக்கான ரக்பி லீக் உலகக் கிண்ணப் போட்டியின் முதல் சுற்றின் கடைசி ஆட்டம் அது. ஆஸ்திரேலியா 10–8 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. இரண்டு புள்ளி வேறுபாடு என்பது இந்த ஆட்டத்தில் ஓர் உதையின் மதிப்பு மட்டுமே. ஒன்பது நாள்கள் கழித்து, நவம்பர் 19ஆம் நாள், மான்செஸ்டரில் உள்ள ஓல்டு டிராஃபோர்ட் அரங்கில் அதே இரு குழுக்களும் இறுதியாட்டத்தில் சந்தித்தன. இம்முறை ஆஸ்திரேலியா 54–4 என வென்று கிண்ணத்தை ஏந்தியது.

ஒன்பது நாளில் ஒரு குழு இவ்வளவு வலிமை பெறவோ மற்றொரு குழு இவ்வளவு தளர்ந்துபோகவோ முடியாது. அப்படியானால் அந்த ஐம்பது புள்ளி வேறுபாடு எங்கிருந்து வந்தது? விடை காண, முதலில் ஆட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளில் பெரும்பாலும் விளையாடப்படுவது ரக்பி யூனியன் வகை. அதன் முழு வடிவத்தில் ஒரு குழுவுக்குப் பதினைந்து பேர். ரக்பி லீக் வகையில் பதின்மூவர். பந்தைக் கையில் ஏந்தி முன்னோக்கி ஓடலாம். ஆனால், கையால் வீசும்போது பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் வீச வேண்டும். எதிர்க்குழுவின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அது ‘டிரை’ எனப்படும்; அதற்கு நான்கு புள்ளி. அதன்பின் கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் இரண்டு புள்ளி. ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியா பத்து டிரைகளைப் பதித்தது. ஏழு முறை உதையும் பலித்தது. நாற்பதும் பதினான்கும் சேர்ந்து ஐம்பத்து நான்கு. நியூசிலாந்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிரை.

லீக் வகையின் உயிர்நாடி வேறோர் விதியில் இருக்கிறது. பந்தை ஏந்தி ஓடுபவரை எதிர்க்குழுவினர் பிடித்து வீழ்த்தியதும் ஆட்டம் ஒரு நொடி நிற்கும். வீழ்ந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார். அதற்குள் எதிர்க்குழுவினர் பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். பந்து நகர்ந்தவுடன் மீண்டும் முன்னோக்கிப் பாய்ந்து தடுக்க வேண்டும். இப்படி ஆறு முறை தடுக்கப்பட்டால் பந்து மறு குழுவிடம் போய்விடும். ஆட்டம் முழுவதும் பத்து மீட்டர் பின்னே, பத்து மீட்டர் முன்னே என்று ஓடி, ஒவ்வொரு முறையும் ஓர் ஆளை மோதி வீழ்த்துவது எளிதன்று. கால்கள் தளர்ந்தவுடன் தடுப்பு வரிசையில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் டிரைகள் பிறக்கின்றன. எனவே, இந்த விளையாட்டில் திறமைக்கு ஈடாகப் பயிற்சி நேரமும் முக்கியம். பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்றால் பிழைப்புக்கு வழி வேண்டும்.

வியப்பு என்னவென்றால், ரக்பி லீக் பிறந்ததே இந்தப் பிழைப்புச் சிக்கலால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்து விளையாட்டாளர்களுள் பலர் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று அங்குள்ள மன்றங்கள் கேட்டன. ரக்பியை நிர்வகித்த அமைப்பு மறுத்துவிட்டது. 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய மன்றங்கள் தனியே பிரிந்தன. விதிகள் பிற்காலத்தில்தான் மெல்ல மெல்ல மாறின. முதலில் பிரித்தது கூலிதான்.

கூலி இழப்புக்காகப் பிரிந்த அந்த விளையாட்டு, பெண்கள் திடலில் இறங்கியபோது அதே நியாயத்தை அவர்களுக்கு உடனே வழங்கிவிடவில்லை. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிட்னியில் இரண்டு பெண்கள் குழுக்கள் மோதின. ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு வந்து பார்த்தனர். மேகி மொலோனி என்ற இளம்பெண் அன்று நான்கு டிரைகளைப் பதித்தார். இவ்வளவு கூட்டம் வந்த பிறகும் பெண்கள் ஆட்டத்துக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அந்த முயற்சி விரைவில் அடங்கிப்போனது. பார்க்க ஆள் இல்லை என்பதால்தான் பெண்கள் விளையாட்டு வளரவில்லை என்று சொல்வோருக்கு அந்த 20,000 பேரை நினைவூட்டலாம்.

பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணம் 2000ஆம் ஆண்டில்தான் நடைபெற்றது. அதில் பங்கேற்றவை மூன்றே குழுக்கள்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இறுதியில் நியூசிலாந்து 26–4 என்று பிரிட்டனை வென்றது. 2003, 2008 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடியது நியூசிலாந்தே. 2008 இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 34–0 என வீழ்த்தியது. அக்காலத்தில் தோற்றுத் தலைகுனிந்து வெளியேறியவர்கள் ஆஸ்திரேலியப் பெண்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

2013இல் காற்று திசைமாறியது. ஆஸ்திரேலியா 22–12 என வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2017இல் பிரிஸ்பேனில் 23–16 என மீண்டும் வென்றது. இந்த 23 என்ற ஒற்றைப்படை எண் ஒரு செய்தியைச் சொல்கிறது. டிரையாலும் உதையாலும் இரட்டைப்படைப் புள்ளிகளே கிடைக்கும். ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பும் ‘டிராப் கோல்’ மட்டுமே அன்று ஒரு புள்ளி தந்தது. நெருக்கமான ஆட்டத்தில் முன்னிலையைக் காத்துக்கொள்ளக் குழுக்கள் கையாளும் உத்தி அது. அதாவது, 2017இல் இரு குழுக்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை.

அந்தக் காலத்து ஆஸ்திரேலிய விளையாட்டாளர்களுக்கு ரக்பி முழுநேரத் தொழில் அன்று. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான ருவான் சிம்ஸ் ஒரு தீயணைப்பு வீரர். மற்றவர்களும் வேலை முடிந்த பிறகே பயிற்சிக்கு வந்தனர்.

2018இல் ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான தேசிய லீக் தொடங்கியது. முதலில் நான்கு குழுக்கள். ஆட்டமும் 60 நிமிடம்தான். பிரிஸ்பேன் புரோங்கோஸ் முதல் மூன்று ஆண்டும் வெற்றி பெற்றது. நான்கு குழுக்களில் ஒன்று நியூசிலாந்தின் வாரியர்ஸ். பின்னர் கொரோனா நோய்ப்பரவல் வந்தது. எல்லைகள் மூடப்பட்டன, வாரியர்ஸ் போட்டியிலிருந்து விலகியது. ஆஸ்திரேலியாவிலோ குழுக்களின் எண்ணிக்கை ஆறாக உயர்ந்தது. தள்ளிவைக்கப்பட்ட 2021 பருவமும் வழக்கமான 2022 பருவமும் ஒரே ஆண்டிலேயே நடந்து முடிந்தன. அந்த ஆண்டு நவம்பரில்தான், நோய்ப்பரவலால் ஓராண்டு தாமதமான உலகக் கிண்ணப் போட்டி நடைபெற்றது.

இப்போது 54–4 என்பது அவ்வளவு புதிராகத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் பதின்மூவருக்குப் பின்னால் ஆறு குழுக்கள் இருந்தன. ஒருவர் காயமுற்றால் அவரது இடத்தில் அதே தரத்தில் விளையாட இன்னொருவர் காத்திருந்தார். நியூசிலாந்துப் பெண்களுக்குச் சொந்த நாட்டில் அப்படி ஒரு குழுகூட இல்லை. உயர்நிலையில் ஆட விரும்பியவர்கள் கடல் கடந்து ஆஸ்திரேலியக் குழுக்களில் சேர வேண்டியிருந்தது. அப்படியும் யோர்க்கில் இரண்டு புள்ளிக்குள் நின்றார்கள். அரையிறுதியில் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 20–6 என வென்றார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இடைவெளி மற்றக் குழுக்களுக்கு இன்னும் பெரிது. அதே போட்டியில் ஆஸ்திரேலியா பிரான்சை 92–0 எனவும் பாப்புவா நியூ கினியை அரையிறுதியில் 82–0 எனவும் வென்றது. ஆயினும் இந்தப் போட்டியில் ஒரு நல்ல மாற்றமும் நிகழ்ந்தது. ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி ஆகிய மூன்று பிரிவுகளும் ஒரே காலத்தில் நடத்தப்பட்டன. மூன்று பிரிவுகளிலும் பங்கேற்ற விளையாட்டாளர்களுக்கு முதன்முறையாகச் சமமான பங்கேற்புத் தொகை வழங்கப்பட்டது. பெண்கள் இறுதியாட்டம் முடிந்த அதே திடலில் அன்றே ஆண்கள் இறுதியாட்டமும் நடந்தது.

ஓல்டு டிராஃபோர்டின் கதை அத்தோடு முடியவில்லை. 2023இல் ஆஸ்திரேலிய லீக் பத்துக் குழுக்களாக விரிந்தது. விளையாட்டாளர்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தங்கள் கிடைக்கத் தொடங்கின. அதனால் பயன் பெற்றவர்களுள் அங்கு ஆடிய நியூசிலாந்துப் பெண்களும் அடங்குவர். அந்த ஆண்டு அக்டோபரில் மெல்பர்னில் இரு நாடுகளும் மீண்டும் மோதின. முந்தைய இறுதியாட்டம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நியூசிலாந்து 12–6 என்று வென்றது. 2025இல் வாரியர்ஸ் குழுவும் லீக்கிற்குத் திரும்பியது. நியூசிலாந்துப் பெண்கள் இப்போது வீட்டிலிருந்தபடியே பயிற்சிக்குப் போகலாம்.