தலையை வருத்தாத ஹெட்போன்

தலைச்சுமை தூக்கிப் பழகியவர் எவரும் சும்மாடு வைக்காமல் கூடையைத் தலையில் ஏற்றமாட்டார். சும்மாடு சுமையின் எடையில் ஒரு பலமேனும் குறைப்பதில்லை. ஆயினும் அஃதின்றி இரண்டு பர்லாங்கு நடப்பதும் கடினம். கூடையின் அடி உச்சந்தலையில் ஓரிடத்தில் மட்டும் ஊன்றாமல், பாரம் அகன்ற பரப்பில் பரவும்படி செய்வதே அத்துணிச் சுருளின் வேலை. இச்சிறு உண்மையை நாம் அனைவரும் அறிவோம். எனினும், அண்மைக் காலத்தில் நம் பிள்ளைகளின் தலையில் ஏறியிருக்கும் வேறொரு சுமைக்கு அதைப் பயன்படுத்த மறந்துவிட்டோம். அச்சுமைதான் ஹெட்போன்.

முன்னாளில் பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கிக்குக் கீழே ஊரார் கூடி அமர்ந்து கேட்டனர். இன்று கேட்பது பெரும்பாலும் தனித்தனியே நடைபெறுகிறது. அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள் கைப்பேசியில் பாடங்களை மணிக்கணக்காகக் கேட்கின்றனர். பார்வையற்ற மாணவர்களுக்கோ செவியே ஏடு. அச்சு நூல்களைப் படிக்க இயலாதவர்களுக்கென 2016ஆம் ஆண்டில் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய வழிகளில் ஒரு பாடநூல் செவிக்கு எட்டுகிறது என்றாலும், அதைக் கேட்டு முடிக்கப் பல நாட்கள், நாளொன்றுக்குப் பல மணி நேரம் அமர வேண்டியிருக்கிறது. அரை மணியில் தலை வலித்தால் அன்றைய படிப்பு அவ்வளவோடு நின்றுவிடும்.

சில காலத்திற்கு முன் ஒரு சிற்றூரின் வாசகசாலைக்குச் சென்றிருந்தோம். மாணவர்களுக்காக வாங்கிய ஆறு ஹெட்போன்கள் சுவரில் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. அவற்றின்மேல் தூசி படிந்திருந்தது. காரணம் கேட்டோம். “பிள்ளைகள் தலை வலிக்கிறது என்கிறார்கள் ஐயா, மட்டமான சரக்கு போலிருக்கிறது” என்றார் பொறுப்பாளர். ஒன்றை எடுத்து நாமே அணிந்து பார்த்தோம். கால் மணிக்குள் உச்சியில் குத்தல் எடுத்தது. கண்ணாடியின் கால்கள் பொட்டில் அழுந்தின. ஆனால் அதன் ஒலி குற்றமற்றதாய் இருந்தது. உற்று நோக்கியபோது, ஆறில் ஒன்றிலேனும் பட்டையை நீட்டிச் சரிசெய்த சுவடே இல்லை என்பது தெரிந்தது. கடையிலிருந்து வந்த அளவிலேயே எல்லாத் தலைகளிலும் ஏறி இறங்கியிருக்கின்றன!

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்டுவின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். ஒலி சிறப்பாக இருப்பதாகக் கண்ட கடற்படையினர், தலைப்பட்டை மட்டும் சௌகரியமாக இல்லை என்றனர். அவர் தோலுறை போர்த்த இரண்டு கம்பிகளால் வேறு பட்டை அமைத்து, அழுத்தம் தலையின்மேல் பரவும்படி செய்தார். சும்மாட்டின் தத்துவமே அங்கும் பயன்பட்டது.

வலி உண்டாகும் விதத்தையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். உச்சந்தலையில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை மெத்தை மிகக் குறைவு. காதுமடலின் குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக் குழாய்கள் இல்லை. மேலே போர்த்திய மெல்லிய உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே இவ்விரண்டு இடங்களும் தொடர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதில்லை. இறுக்கமான பட்டை, தலைக்கவசம் முதலியவற்றால் வரும் தலைவலியை மருத்துவர்கள் தனி வகையாகவே குறித்துள்ளனர். அழுத்தம் தொடங்கிய ஒரு மணிக்குள் அது வரும். அழுத்தத்தை நீக்கிய ஒரு மணிக்குள் நீங்கிவிடும். கழற்றி வைத்து நெடுநேரமாகியும் வலி தீராவிட்டால், ஹெட்போனைக் குறைகூறாமல் மருத்துவரைக் காண்பதே முறை.

எனவே முதலில் வலி எங்கே என்று கண்டறிய வேண்டும். நுகத்தடி பட்டுக் காளையின் கழுத்தில் புண் உண்டானால், நுகம் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்த பின்னரன்றோ அதைச் செதுக்குகிறோம்! அரை மணி அணிந்து கழற்றியவுடன் விரலால் தடவிப் பார்த்தால் நொந்த இடம் தெரிந்துவிடும்.

உச்சியில் வலித்தால், பட்டையின் இரு முனைகளையும் இழுத்து நீட்டிப் பார்க்க வேண்டும். காதுகளை மூடும் கிண்ணங்கள் மேலே தூக்கியிருந்தால் பாரம் முழுவதும் உச்சியில் தொங்கும். அவை காதுகளின் நேருக்கு இறங்கினால், பாரத்தின் ஒரு பகுதியைக் கன்னப்புறம் ஏற்றுக்கொள்ளும். பாதிப் பேருக்கு இவ்வளவே போதும் என்பது எம் எண்ணம். அதன் பின்னரும் வலித்தால், பழைய பருத்தித் துணியை மடித்துப் பட்டையின் உட்புறம் வைத்துத் தைக்கலாம். இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். நொந்த இடத்தின் மேலேயே மெத்தை வைத்தால் அங்கே அழுத்தம் கூடுமேயன்றிக் குறையாது. நடு உச்சியை வெறுமையாக விட்டு, இருபுறமும் இரண்டு சிறு மெத்தைகள் வைப்பதே சரியான முறை.

இதனினும் சிறந்த வழி ஒன்று உண்டு. நாடாக் கட்டிலின் சட்டம் உடம்பில் படுவதில்லை. நாடாவே உடம்பின் வடிவுக்கு ஏற்ப வளைந்து பாரத்தைத் தாங்குகிறது. அதே போல, இரண்டு விரல் அகலமுள்ள பருத்தி நாடாவை, பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கிண்ணங்களுக்குச் சற்று மேலே கட்டித் தைத்துவிட வேண்டும். நாடா பட்டைக்கு ஒரு விரற்கடை கீழே நிற்க வேண்டும். அப்போது தலையில் படுவது நாடா ஒன்றே. பட்டை எட்டி நின்றுவிடும். பட்டை உயர்வதால் கிண்ணங்களும் உயரும். ஆகையால் முனைகளை அந்த அளவுக்கு நீட்டிக்கொள்ள வேண்டும். செலவு சில ரூபாய்களுக்கு மேல் ஆகாது.

காதின் இருபுறமும் இறுக்கினால், பட்டையின் வில்லைத் தளர்த்த வேண்டும். தலையின் அகலத்தைவிட ஒரு விரற்கடைக்கு மேல் மிகாதபடி புத்தகங்களை அடுக்கி, அவற்றின் இருபுறமும் கிண்ணங்கள் பற்றும்படி ஹெட்போனை மாட்டி இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். காலையில் அணிந்து பார்த்து, போதாவிட்டால் மறுநாளும் அவ்வாறே செய்யலாம். உள்ளே எஃகுத் தகடு உள்ள பட்டையானால், இரு கைகளாலும் பிடித்துச் சிறிது சிறிதாகப் பல இடங்களில் விரிக்கலாம். ஒரே இடத்தில் மடக்கலாகாது. முழுதும் பிளாஸ்டிக்கால் ஆன பட்டையில் கையால் விரிக்கும் முறையைக் கையாளவே கூடாது. மேற்சொன்ன வாசகசாலையில் நாம் அவசரப்பட்டு விரித்த ஒன்று ‘படக்’கென்று ஒடிந்தது, அதன் விலையைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மிகத் தளர்த்துவதிலும் தீமை உண்டு. காதைச் சுற்றி மூடும் வகை ஹெட்போனில், மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் தடித்த கீழ் ஒலிகள் நன்கு கேட்கும். இடைவெளி விழுந்தால் ஒலி மெலிந்து, வெளியிரைச்சலும் உள்ளே புகும். கேட்பவர் உடனே ஒலியைக் கூட்டுவார். தலையை நிமிர்த்தினாலும் குனிந்தாலும் நழுவாமல் இருக்கும் அளவுக்குப் பிடிப்பு இருந்தால் போதும்.

மடல் நொந்தால் மெத்தையைப் பார்க்க வேண்டும். நாளடைவில் பஞ்சு அமுங்கி மடல் உள்ளிருக்கும் தட்டில் முட்டத் தொடங்கும். பல ஹெட்போன்களில் மெத்தையை மட்டும் கழற்றி மாற்றலாம். பழையதன் குறுக்களவைக் குறித்துக்கொண்டு சென்றால் பொருத்தமானது கிடைக்கும். புதிது வாங்கும் வரை, மெத்தைக்கு அடியில் சுற்றிலும் பருத்திக் கயிற்றை வளையமாக வைத்து ஆழத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் மெல்லிய கால்களுள்ள கண்ணாடியைப் பயன்படுத்துவது உதவும். ஹெட்போனை மாட்டிய பின், கண்ணாடியின் கால்களை மெத்தைக்கு மேலாகச் சற்று உயர்த்தி வைத்தாலும் பொட்டில் அழுத்தம் குறையும்.

நம் கோடையில் செயற்கைத் தோல் மெத்தை வேர்வையால் கசகசப்பது மற்றொரு தொல்லை. அதன்மேல் மெல்லிய பருத்தி உறை மாட்டி, உறையை மட்டும் துவைத்து வரலாம். பொது இடத்தில் பலர் மாற்றி மாற்றி அணியும் ஹெட்போனுக்கு இந்த உறை சௌகரியம் மட்டுமன்று, சுகாதாரமும் ஆகும். மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சோடி உறை வைத்துக்கொள்ள வேண்டும். காதில் சீழோ வலியோ உள்ளவர், குணமாகும் வரை பொது ஹெட்போனை அணியலாகாது.

இவ்வளவும் செய்து முடித்த பின் ஓர் அபாயத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். வலித்த ஹெட்போனை அரை மணியில் கழற்றிவிடுவார்கள். வலிக்காத ஹெட்போனோ நாள் முழுதும் காதில் இருக்கும். வலி ஒரு வகையில் காவலாக இருந்தது. அந்தக் காவலை நாமே நீக்குகிறோம். உலகச் சுகாதார நிறுவனம், வளர்ந்தவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், சிறுவர்களுக்கு அது 75 டெசிபல் என்றும் வரையறுத்துள்ளது. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது 90 டெசிபலில் வாரத்திற்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். டெசிபலை அளக்கும் கருவி நம்மிடம் இராது. கைப்பேசியின் ஒலி அளவை முழு அளவில் 60 சதவீதத்திற்குக் கீழ் வைத்துக்கொள்வது எளிய வழி. கைநீட்டும் தூரத்தில் நின்று ஒருவர் இயல்பாகப் பேசுவது கேட்கவில்லை என்றால், ஒலி மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். அரை மணிக்கொருமுறை கழற்றிவிட்டுச் சில நிமிடம் எழுந்து நடந்தால் தலைக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. இழந்த உட்செவியின் நுண்மயிர்கள் மீண்டும் முளைப்பதில்லை; இதைப் பெற்றோர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாசகசாலைக்கு ஹெட்போன் வாங்க முற்படும் பஞ்சாயத்தார், கடையில் ஒன்றை எடுத்துப் பத்து நிமிடமாவது அணிந்து பார்த்த பின்னரே மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். முனைகள் நீளுகின்றனவா, மெத்தைகள் கழலுகின்றனவா, அவை தனியே கிடைக்குமா என்று கேட்டறிய வேண்டும். இரண்டு ஒரே தரத்தில் இருந்தால் இலேசானதையே எடுக்கலாம். பெரிய தலைக்கும் சிறுவர் தலைக்கும் ஒன்றே பொருந்துமாதலின், நீளும் அளவு மிகுந்தது மேல்.

அவ்வாசகசாலையில் எஞ்சிய ஐந்தில் மூன்று, நாடா கட்டிய பின் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மற்ற இரண்டிற்கும் மெத்தை வாங்கி வருவதாகப் பொறுப்பாளர் அளவு குறித்துக்கொண்டார்.