முத்திரையில்லாத பழைய கத்தியின் எஃகை அறிதல் (காவிரிப் படுகை)

முத்திரையில்லாத பழைய கத்தியின் எஃகை அறிதல் என்பது, செய்தவர் பெயரோ ஆலைக் குறியோ பொறிக்கப்படாத, மடக்க முடியாத பழைய கத்தி ஒன்றின் அலகு எவ்வகை இரும்பால் அல்லது எஃகால் ஆனது என்று கண்டறிவதைக் குறிக்கும். அலகின் வடிவம், அமைப்பு, கடினத்தன்மை, வேதிப்பகுப்பு, நுண்ணமைப்பு ஆகியவை இதற்குச் சான்றாகின்றன.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. ஆற்று வண்டல் படிந்த இந்த நெல் வயல் சமவெளியில் இரும்புத்தாது கிடைப்பதில்லை. கதிர் அரிவாள் முதல் அரண்மனைக் கட்டாரி வரை இங்கே புழங்கிய கருவிகள் வெளியிலிருந்து வந்த இரும்பால் ஆனவை. எனவே ஓர் அலகின் உலோகத்தை அறிந்தால், அது எந்த வழியாக, ஏறத்தாழ எக்காலத்தில் படுகைக்குள் வந்தது என்பதையும் ஓரளவு அறியலாம்.

இரும்பு வந்த வழிகள்

மிகப் பழைய வழி மேற்கிலிருந்து வருவது. சேலம் கஞ்சமலை உள்ளிட்ட மேட்டுநிலங்களில் தாதுவை மரக்கரியுடன் சிறு உலைகளில் இட்டு இரும்பு எடுத்தனர். அந்த இரும்பைச் சிறு மண்குகைகளில் இலை, மரத்துண்டு போன்றவற்றுடன் வைத்து மூடி, உருக்கி, மெல்ல ஆறவிட்டு எஃகு செய்யும் முறையும் தமிழகத்தில் இருந்தது. காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் தொடங்கிய அகழாய்வு இரும்பு, எஃகுத் தொழிலின் தடயங்களை வெளிக்கொணர்ந்தது. இவ்வகை எஃகில் கரிமம் சுமார் 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். ஐரோப்பியர் இதை 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புடைய சொல் இது. 1795இல் ஜார்ஜ் பியர்சனும், 1819க்குப் பின் மைக்கேல் ஃபாரடேயும் லண்டனில் இதை ஆராய்ந்தனர்.

இரண்டாவது வழி கடல். டேனியர் 1620இல் தரங்கம்பாடியில் அமர்ந்தனர். நாகப்பட்டினம் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. ஐரோப்பிய வாள் அலகுகள் தென்னிந்தியாவுக்கு வந்ததற்குத் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களே நேரடிச் சான்று. அங்கிருந்த கட்டாரிகள் பலவற்றின் பிடி உள்ளூர் வேலைப்பாடு. அலகோ ஐரோப்பிய வாளிலிருந்து வெட்டி எடுத்தது. 1855இல் தஞ்சை மராத்திய அரசு ஆங்கிலேயரிடம் சென்ற பிறகு இந்தப் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதிகாரியாக இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதைப் பதிவு செய்தார். சோதிக்கப்படாமலே அழிந்த அலகுகள் எத்தனை என்று இனி யாரும் எண்ண முடியாது.

இக்கட்டாரிகள் ஒரு நடைமுறை உண்மையைக் காட்டுகின்றன. பிடியின் பாணியை வைத்து அலகின் எஃகைத் தீர்மானிக்கக் கூடாது. முத்திரை இல்லாததும் உள்ளூர்த் தயாரிப்பு என்பதற்குச் சான்றாகாது. நீண்ட வாளை வெட்டிக் குறுக்கும்போது முத்திரை இருந்த பகுதி கழிந்து போயிருக்கலாம்.

மூன்றாவது வழி ஆலை எஃகு. நாகப்பட்டினம்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதை 1861–62இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு தண்டவாளத் துண்டு, தேய்ந்த அரம், பின்னாளில் லாரியின் ஸ்பிரிங் பட்டை எனக் கழிவு எஃகு கொல்லுப்பட்டறைகளுக்கு மலிவாகக் கிடைத்தது. இன்று கிராமங்களில் 'தாத்தா காலத்துக் கத்தி' என்று காட்டப்படுபவற்றில் கணிசமானவை இந்த மூன்றாம் வகையாகவே இருக்க வாய்ப்பு.

கண்ணால் அறிவன

முதலில் பார்க்க வேண்டியது அலகு ஒரே உலோகமா என்பது. நல்ல எஃகு விலை மிகுந்த காலத்தில் மென்மையான இரும்பில் உடலை அடித்து, வெட்டும் ஓரத்தில் மட்டும் 'உருக்கு வைப்பது' கொல்லர் வழக்கம். இத்தகைய அலகில் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரியும். துருவும் இரு பகுதிகளில் இருவேறு விதமாகப் படியும்; மென்னிரும்பு மரநார் போல நீளவாக்கில் அரிக்கும். அலகின் முதுகில் செய்த சோதனை, வெட்டும் ஓரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அலகில் அலையலையான வரி தெரிந்தாலே வூட்ஸ் என்று விற்பவர் உண்டு. இரண்டு எஃகுகளை மடித்து அடித்துப் பெறும் வரியும் அப்படித்தான் தோன்றும். அமிலத்தால் வரைந்த போலி வரியும் உண்டு. அடுக்கி அடித்ததில் கோடுகள் ஓரம் வரை அடுக்காகத் தொடரும். வூட்ஸில் வரி என்பது ஒரே எஃகுக் கட்டிக்குள் கரிமச் சேர்மம் பட்டைபட்டையாகத் திரண்டதால் வருவது. நெருங்கிப் பார்த்தால் தொடர்ந்த கோடாக இல்லாமல் புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். மறுபுறம், வரி தெரியாத வூட்ஸ் அலகும் உண்டு. அடிக்கும்போது சூடு மிஞ்சினால் வரி கரைந்துவிடும்.

பட்டறைச் சோதனைகள்

அரத்தை ஓரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பது பழைய முறை. அரம் வழுக்கினால் ஓரம் கடினமானது, கடித்தால் மென்மையானது. இது கொல்லர் கொடுத்த தோய்ச்சலைக் காட்டுமே தவிர எஃகின் வகையைக் காட்டாது. ஒரே ஸ்பிரிங் பட்டையின் இரு துண்டுகளில் ஒன்றைக் கண்ணாடிபோல் நொறுங்கும்படியும் மற்றதை வளையும்படியும் செய்ய முடியும்.

சாணைச் சக்கரத்தில் பொறி பார்ப்பது இன்னும் கொஞ்சம் சொல்லும். கரிமம் குறைந்த இரும்பில் பொறிகள் நீண்ட நேர்கோடுகளாகப் பறக்கும். கரிமம் கூடக்கூடக் கோடு குறுகி, நுனியில் பூப்பூவாய் வெடிக்கும். ஆனால் இச்சோதனை உலோகத்தைத் தின்னும். பழமையானதாக இருக்கக்கூடிய அலகில் இதைச் செய்யவே கூடாது. பழைய அரிவாளை மீண்டும் தீட்டத் தகுமா என்று மட்டும் அறிய விரும்புவோர், பிடிக்குள் மறையும் பகுதியின் நுனியில் செய்துகொள்ளலாம்.

ஆய்வகச் சோதனைகள்

அலகுக்குச் சேதமில்லாத முறைகளில் கைக்கருவியாகக் கிடைக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானி முதன்மையானது. சில நொடிகளில் குரோமியம், மாங்கனீசு, வனேடியம் போன்ற தனிமங்களின் அளவைத் தரும். எஃகின் உயிரான கரிமத்தை மட்டும் அதனால் அளக்க முடியாது. அது மிக இலேசான தனிமம். இருந்தும் காலத்தைக் கணிக்க இக்கருவி உதவும். குரோமியம் 10.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது துருப்பிடிக்கா எஃகு. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கியதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மாங்கனீசு அரை விழுக்காடு அளவில் இருந்தால் பெரும்பாலும் ஆலை எஃகு. 1856இல் பெசமர் முறை வந்த பின்னரே உருகிய எஃகில் மாங்கனீசு சேர்ப்பது பொது வழக்கமாயிற்று. மாங்கனீசுடன் சிலிக்கானும் 1.5 முதல் 2 விழுக்காடு வரை காணப்பட்டால் ஸ்பிரிங் பட்டை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

மாங்கனீசு மிகக் குறைவாக இருந்தால்தான் சிக்கல். அது சேலத்து மரக்கரி இரும்பா, குகையில் உருக்கிய எஃகா, பழைய ஐரோப்பிய வாளா என்பதை வேதிப்பகுப்பு பிரித்துக் காட்டாது. அங்கே நுண்ணோக்கி வேண்டும். ஒரு சிறு இடத்தை மெருகேற்றி, மெல்லிய அமிலம் தடவிப் பார்ப்பார்கள். முழுதும் உருகாமல் அடித்துச் செய்த இரும்பிலும் எஃகிலும் கசடு நூல்நூலாகக் கிடக்கும். பழைய ஐரோப்பிய அலகுகள் பல இந்த வகை. குகையில் முழுதும் உருகிய எஃகில் கசடு மேலே மிதந்து பிரிந்துவிடுவதால் அந்த நூல்கள் இரா. கரிமம் மிகுந்ததால் சிமென்டைட் என்னும் இரும்புக் கார்பைடு துகள்கள் தெரியும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வருவதால், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. துருவைச் சுரண்டுவதும் அலகைத் தீட்டுவதும் சான்றை அழிக்கும். மெல்லிய எண்ணெய் தடவி வைப்பதே போதும்.

இத்தனை சோதனைக்குப் பிறகும் கிடைப்பது ஒரு வணிகப் பெயரோ தர எண்ணோ அன்று. எஃகின் வகை மட்டுமே. அருங்காட்சியகப் பதிவேட்டிலும் வீட்டுக் குறிப்பிலும் 'உருக்கு ஓரம் வைத்த மரக்கரி இரும்பு' அல்லது 'மாங்கனீசு கலந்த ஆலை எஃகு' என்று எழுதி, எந்த இடத்தில் எந்தக் கருவியால் சோதிக்கப்பட்டது என்பதையும் உடன் குறிக்க வேண்டும்.