தக்க கூலி எது?

அடி அண்ணாமலை வயலில் உழைப்பவர்க்குத் தக்க கூலி யாது? அன்றைய வேலையின் விலையே என்பர் சிலர், அது பொருந்தாது. 1957-இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு குடும்பத்தையே அளவாகக் கொண்டது. கணவன் 1, மனைவி 0.8, குழந்தை ஒவ்வொன்றும் 0.6, ஆக மூன்று நுகர்வு அலகுக்கு உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, இவற்றோடு எரிபொருள், விளக்கு முதலியவற்றிற்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு. மனைவி மக்கள் ஈட்டுவது கணக்கிற் சேராது. ஆலைத் தொழிலாளரை எண்ணி வகுத்ததாயினும் இவ்வளவுகோல் வயலுக்கும் ஏற்கும்.

ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிலாளர் வழக்கில், கல்வி, மருத்துவம், திருவிழா, முதுமை, திருமணம் ஆகியவற்றிற்கும் 25 விழுக்காடு வேண்டுமென 1991-இல் உச்ச நீதிமன்றம் மொழிந்தது. எனினும், உழைப்பவனின் பெற்றோர் அலகினுள் வந்திலர்; நம் ஊர்க் குடும்பத்தை அறிந்தோர் இதனை ஒப்புவரோ? அவ்விருவரையும் சேர்ப்பின் அலகு மூன்றன்று, 4.8 ஆகும்.